பாய்மரத்தில் தனியாக ஏறலாமா?

கேள்வி:

"அண்ணாச்சி, வணக்கம். நான் மணப்பாட்டில் இருக்கிறேன். போன வருஷம் கொச்சியிலிருந்து 26 அடி நீளமுள்ள பழைய பாய்ப்படகு ஒன்று வாங்கினேன். ஃபைபர் உடம்பு, அலுமினியப் பாய்மரம். தளத்திலிருந்து உச்சி வரை 9 மீட்டர். போன வாரம் பெரிய பாயை இறக்கும்போது, பாயை ஏற்றி இறக்குகிற ஆஞ்சான் கயிற்றின் கொக்கி கழன்று, கயிற்று முனை உச்சிக்குப் போய்க் கப்பியில் மாட்டிக்கொண்டது. உச்சி விளக்கும் எரியவில்லை. கூட இருந்த நண்பன் கப்பல் வேலைக்குப் போய்விட்டான். பனையேறுகிற மாமா ஒருவரைக் கூட்டி வந்தேன். அவர் மரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, 'இது வழுக்கும்டே' என்று திரும்பிப் போய்விட்டார். உலகத்தைத் தனியாகச் சுற்றிய அபிலாஷ் டோமி போன்றவர்கள் தனியாகத்தானே ஏறியிருப்பார்கள்? எனக்கும் ஒரு முறை சொல்லுங்கள். முன்பாயின் ஆஞ்சான் நல்ல நிலையில் இருக்கிறது. கட்டட வேலைக்குப் போடுகிற சேஃப்டி பெல்ட்டும் கையில் இருக்கிறது. படங்கள் அனுப்பியிருக்கிறேன்."

பதில்:

தம்பி, ஏறிவிட்டுக் கேட்காமல் ஏறுவதற்கு முன்னால் கேட்டிருக்கிறீர்கள். அதுவே எனக்குப் பெரிய நிம்மதி. தனியாக ஏற முறை இருக்கிறது. அதை ஒளிக்காமல் சொல்லித் தருகிறேன். ஆனால் உங்கள் படகு இன்றைக்கு இருக்கிற நிலையில் அந்த மரத்தில் ஏறாதீர்கள். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நம்பக்கூடிய கயிறு ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது.

நான் 22 வருஷமாகக் கயிற்றில் தொங்கி வேலை செய்கிறவன். பணகுடி, ராதாபுரம், கயத்தாறு பக்கம் காற்றாலை இறக்கைகளில் விரிசல் பார்ப்பது, பழுது அடைப்பது, புதிதாக வரும் பையன்களுக்குக் கயிற்று வேலை பழக்குவது, இதுதான் என் பிழைப்பு. நடுவில் தூத்துக்குடியிலும் கொச்சியிலும் பாய்ப்படகு மரங்களில் ஏறிக் கப்பியும் விளக்கும் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். எங்கள் தொழிலில் எல்லா ஊரிலும் ஒரே விதிதான். வேலைக்கு ஒரு கயிறு, உயிருக்கு ஒரு கயிறு. இரண்டும் தனித்தனிப் பிடிமானத்தில் இருக்க வேண்டும். ஒன்று போனால் இன்னொன்று ஆளைத் தாங்கும். உங்கள் மரத்தில் இப்போது அந்த இரண்டாவது கயிறு இல்லை.

படத்தில் இன்னொரு மெல்லிய கயிறு தெரிகிறது. பாயின் அடிக்கட்டையைத் தூக்கிப் பிடித்திருப்பது அதுதான். அதை இரண்டாவது கயிறாக வைத்துக்கொள்ளலாமே என்று உங்களுக்குத் தோன்றும். வேண்டாம். அது கட்டையின் பாரத்துக்காகப் போட்டது, மனிதனின் பாரத்துக்காக அல்ல. வெயிலில் வெளுத்து நூல் பிரிந்திருப்பது படத்திலேயே தெரிகிறது. ஆனால் வேறொரு விதத்தில் அது உதவலாம். அந்தக் கயிறு உச்சியில் முடிச்சுப் போட்டு நிற்கிறதா, கப்பியில் ஓடி மரத்தடிக்கு இறங்கி வருகிறதா என்று பாருங்கள். கப்பியில் ஓடினால் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான். அதன் முனையோடு புதுக் கயிற்றின் முனையை நேருக்கு நேர் வைத்துத் தைத்து, மேலே டேப் சுற்றி, மெதுவாக இழுத்தால் ஏறாமலே புதுக் கயிறு உச்சி சுற்றி வந்துவிடும். கப்பியின் பள்ளம் புதுக் கயிறு போகிற அளவுக்கு அகலமாக இருக்க வேண்டும். இடையில் இறுகினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பலம் போட்டு இழுத்தால் மாட்டிய கயிறு இரண்டாகிவிடும்.

அது உச்சியில் கட்டியே இருக்கிறது என்றால் மரத்தை இறக்குங்கள். இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் பாய்மரம் தளத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகவில்லை. தளத்தின் மேல் ஒரு தட்டில், குறுக்கே ஒரு பின் போட்டு நிற்கிறது. இந்த வகை மரத்தை நாலைந்து பேர் சேர்ந்தால் படுக்க வைத்துவிடலாம். கழிமுகத்தில், அலை அடிக்காத இடத்தில், மணலை ஒட்டிப் படகை நிறுத்துங்கள். பக்கத்துக் கம்பிகள் இரண்டும் மாட்டியபடியே இருக்கட்டும். மரம் பக்கவாட்டில் சாயாமல் பிடிப்பவை அவைதான். முன்கம்பியின் பின்னைக் கழற்றுவதற்கு முன், நல்ல நிலையில் இருக்கிற முன்பாய் ஆஞ்சானைக் கப்பித்தொகுதியோடு சேர்த்து அணியத்தில், அதாவது படகின் முன்முனையில் கட்டி, பாரத்தை அதற்கு மாற்றிவிடுங்கள். அப்புறம் பின்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். பின்னால் இரண்டு பேர் தோள் கொடுக்கத் தயாராக நிற்க வேண்டும். நேராக நிற்கும்போது மரம் லேசாகத்தான் இருக்கும். படுக்கப் படுக்கத்தான் கயிற்றில் பாரம் கூடும். பாதி வந்ததும் 'முடிந்துவிட்டது' என்று நினைத்து யாராவது கையை விடுவார்கள். விபத்து நடப்பது அந்த இடத்தில்தான். இன்னொன்று, மேலே மின்கம்பி எதுவும் போகாத இடமாகப் பாருங்கள். அலுமினிய மரம் மின்கம்பியில் உரசினால் படகில் இருக்கிற ஒருவரும் தப்ப மாட்டார்கள்.

மணப்பாட்டுக்காரருக்குப் பாய்மரம் எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1540ல் புயலில் தப்பிய போர்த்துக்கீசியக் கப்பலின் முறிந்த பாய்மரத்தில் சிலுவை செய்து அந்த மணற்குன்றில் நட்டார்கள் என்பது உங்கள் ஊர் மரபு. உங்கள் மரத்தை இறக்க ஆள் கேட்டால் அந்தக் கரையில் நாலு பேர் வராமல் இருக்க மாட்டார்கள்.

அபிலாஷ் டோமியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்கும் அவர்மேல் பெரிய மரியாதை உண்டு. 2018 செப்டம்பரில் தெற்கு இந்தியப் பெருங்கடலில், தனியாள் பந்தயத்தின் நடுவில், புயலில் அவர் படகின் பாய்மரம் முறிந்தது. அவருக்கு முதுகில் பலத்த அடி. அசைய முடியாமல் படுத்துக்கிடந்தவரைப் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று வந்து மீட்டது. அவ்வளவுக்கும் பிறகு 2023ல் அதே பந்தயத்தை இரண்டாவதாக முடித்தார். அப்படிப்பட்டவர்கள் தனியாக மரம் ஏறுவது, சுற்றி ஆயிரம் மைலுக்கு ஆள் இல்லாததால். வேறு வழியிருந்தால் அவர்களும் ஏற மாட்டார்கள். உங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு ஊரே இருக்கிறது.

அந்தப் பனையேறி மாமா திரும்பிப் போனது பயத்தால் அல்ல, தொழில் தெரிந்ததால். என் அப்பாவும் திசையன்விளைப் பக்கம் பனையேறியவர்தான். காலையில் தளைநாரைத் தண்ணீரில் நனைத்து எடுப்பார். ஒவ்வொரு பனையடியிலும் நாரைக் காலில் மாட்டி, முதல் இரண்டு முழம் ஏறியதும் நின்று, உடம்புப் பாரம் முழுவதையும் அதில் போட்டு ஒரு தடவை அமுக்கிப் பார்ப்பார். நார் 'கிறீச்' என்று இறுகுகிற சத்தம் கேட்டால்தான் மேலே போவார். நாற்பது மரம் ஏறினாலும் நாற்பது தடவையும் அப்படித்தான். பனையில் நார் பிடிப்பது அதன் சொரசொரப்பினால். அலுமினிய மரத்தில் அந்தப் பிடி கிடைக்காது. மரத்தைச் சுற்றிப் போடுகிற எந்த வாரும், நடுவில் இருக்கிற குறுக்குக் கை வரைக்கும் வழுக்கிக்கொண்டே வரும். அதனால் மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறுவதை மறந்துவிடுங்கள். கயிற்றில்தான் ஏற வேண்டும்.

சரி, மரத்தை இறக்கி, பெரிய பாயின் ஆஞ்சானைப் புதிதாகக் கோர்த்து, திரும்ப நிறுத்திவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த தடவை ஏற வேண்டிய தேவை வந்தால் எப்படி ஏறுவது என்று இப்போது சொல்கிறேன்.

முதலில் அந்தக் கட்டட பெல்ட்டை ஓரமாக வையுங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் அதன் வளையம் முதுகில்தான் இருக்கிறது. விழுகிறவரைப் பிடிப்பதற்கு அது போதும். தொங்கி வேலை செய்ய உதவாது. முகம் குப்புறத் தொங்குவீர்கள், கைக்கு எதுவும் எட்டாது. இடுப்புக்கு முன்னால் வளையமும், தொடைக்கு வாரும், தோளுக்கு வாரும் உள்ள முழு உடல் ஹார்னஸ் வாங்குங்கள். ஐ.எஸ். 3521 என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். படகுக்காரர்கள் பலகைத் தொட்டில் ஒன்றில் உட்கார்ந்து ஏறுவார்கள். உட்கார அது சுகம்தான், ஆனால் தலைகீழானால் ஆள் நழுவி வந்துவிடுவார். தொட்டில் வேண்டுமென்றால் ஹார்னஸ் போட்டுக்கொண்டு அதன் மேல் உட்காருங்கள்.

பாய் தூக்குகிற ஆஞ்சான் கயிற்றிலேயே நேரடியாக ஏறுவதையும் நான் விரும்புவதில்லை. இப்போது வருகிற ஆஞ்சான்களில் உள்ளே டைனீமா இழை இருக்கும். பலம் அதிகம், ஆனால் வழுவழுப்பு. மேலுறை தனியாக, உள்ளிழை தனியாக நழுவும். 150 டிகிரிக்குப் பக்கத்தில் உருகிவிடும் என்பதால் வேகமாக இறங்கும்போது கருவியில் ஏறுகிற சூடும் அதற்கு ஆகாது. மலையேற்றக் கடைகளில் கிடைக்கிற, அதிகம் நீளாத 10 மில்லிமீட்டர் கயிறு 25 மீட்டர் அளவில் இரண்டு வாங்குங்கள். ஒவ்வொன்றையும் ஒரு ஆஞ்சானின் முனையில் '8' வடிவ முடிச்சு ஒன்று போட்டுக் கட்டி உச்சிக்கு இழுங்கள். முடிச்சு கப்பிக்குள் போகாமல் ஒரு சாண் கீழேயே நிற்கட்டும். உங்கள் கொக்கி ஒரு தடவை கழன்றது போதும், இனிமேல் ஆளின் பாரத்தைக் கொக்கியில் போடவே கூடாது. முடிச்சுதான்.

ஆஞ்சானின் மறுமுனையை வின்ச் என்கிற இழுக்கும் உருளையில் சுற்றி, கிளீட் என்கிற கயிறு கட்டும் கொம்பில் கட்டி, அப்புறம் மரத்தடியில் இன்னொரு பிடிமானத்திலும் கட்டுங்கள். கயிற்றை அமுக்கிப் பிடிக்கிற நெம்புகோல் பூட்டை மட்டும் நம்பாதீர்கள். ஒரு கணக்கையும் மனதில் வையுங்கள். கயிறு கப்பிக்கு மேலே போய் மறுபக்கம் கீழே கட்டப்பட்டிருக்கும்போது, 75 கிலோ ஆள் தொங்கினால் உச்சிக் கப்பியின் பின்னில் விழுவது 150 கிலோ. இரண்டு பக்கக் கயிறும் சேர்ந்து இழுக்கும் அல்லவா. மரம் கீழே கிடக்கும்போதே அந்தப் பின்னைப் பிடுங்கிப் பாருங்கள். அலுமினியத்தில் எவர்சில்வர் பின் உப்புக்காற்றில் கிடந்தால் சுற்றிலும் வெள்ளைப் பொடியாக அரித்துப்போகும். கம்பிகளின் நுனியில், குழாயை நசுக்கி மாட்டியிருக்கிற இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்றும் நகத்தால் தடவிப் பாருங்கள்.

இரண்டு கயிறும் தொங்கியதும் தரையிலேயே சோதனை. ஹார்னஸைக் கயிற்றில் மாட்டி, கால் தளத்திலிருந்து ஒரு சாண் உயரும் வரை தொங்கி, நாலைந்து தடவை குலுக்குங்கள். இரண்டு கயிற்றையும் தனித்தனியாக. அப்பா தளைநாரை அமுக்கிப் பார்த்தது இதைத்தான்.

ஏறுவதற்கு எத்தனையோ முறைகள் உண்டு. நாலு மடிப்புக் கப்பி போட்டுத் தன்னைத் தானே இழுத்துக்கொள்வது ஒன்று. உங்கள் உயரத்துக்கு 45 மீட்டருக்கு மேல் கயிறு வேண்டும், காற்றில் அந்தக் கயிறெல்லாம் கம்பிகளில் சிக்கும். தனியாளுக்கு நான் சொல்வது வேறு. இடுப்பு வளையத்தில் கிரிகிரி மாதிரி தானாகப் பூட்டிக்கொள்கிற கருவி ஒன்று. அதற்கு மேலே அதே கயிற்றில் கைப்பிடி உள்ள அசென்டர், அதாவது மேலே மட்டும் நகர்ந்து கீழே வராமல் பிடிக்கிற கருவி ஒன்று, அதிலிருந்து காலுக்கு ஒரு வார் வளையம். அசென்டரையும் சிறு கயிற்றால் ஹார்னஸோடு கட்டிவிடுங்கள். அசென்டரை மேலே தள்ளுங்கள், வளையத்தில் எழுந்து நில்லுங்கள், நிற்கும்போது தளர்கிற கயிற்றை கிரிகிரி வழியாக இழுத்துவிடுங்கள், அப்படியே உட்காருங்கள். ஒரு தடவைக்கு ஒரு முழம் ஏறுவீர்கள். கையால் தூக்காதீர்கள், காலால் எழுந்திருங்கள். கையால் ஏறுகிறவனுக்கு ஐந்தாவது மீட்டரில் முழங்கை பிடித்துக்கொள்ளும். கயிற்றின் அடியில் பாதி தண்ணீர் நிரப்பிய கேன் ஒன்றைத் தொங்கவிட்டால் கயிறு ஆடாமல் கருவியில் சுலபமாக ஓடும். கருவியின் மேல் எழுதியிருக்கிற கயிற்றுப் பருமன் உங்கள் கயிற்றுக்குப் பொருந்துகிறதா என்பதை வாங்கும்போதே பாருங்கள்.

இரண்டாவது கயிற்றில் 6 மில்லிமீட்டர் கயிற்று வளையத்தால் மூன்று சுற்று புருசிக் முடிச்சு, அதாவது கையால் நகர்த்தலாம், பாரம் விழுந்தால் இறுகிப் பிடிக்கும் முடிச்சுப் போட்டு, ஹார்னஸில் மாட்டி, ஏற ஏற அதையும் மேலே நகர்த்துங்கள். எப்போதும் உங்கள் நெஞ்சுக்கு மேலேயே இருக்க வேண்டும். சோம்பல் பட்டு அதை இடுப்புக்குக் கீழே விட்டுவிடுகிற பையன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்தக் கயிறுகள் அதிகம் நீளாது. இரண்டு முழம் விழுந்தாலே உடம்பு உலுக்கப்படுகிற உலுக்கலில் இடுப்பு கழன்றதுபோல இருக்கும். அசென்டரின் பற்கள் மேலே அந்த மாதிரி விழுந்தால் அது கயிற்றின் மேலுறையையே உரித்துவிடும்.

இந்த முறையை நான் விரும்புவதற்குக் காரணம் ஏறுவதில் இல்லை, இறங்குவதில். அசென்டரைக் கயிற்றிலிருந்து கழற்றினால் போதும், அதே கிரிகிரியின் நெம்புகோலை மெதுவாக இழுத்து இறங்கிவிடலாம். கயிற்றின் கீழ்ப்பக்கத்தை ஒரு கை எப்போதும் பிடித்திருக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தி, நெம்புகோலை விட்ட கையால் புருசிக் முடிச்சைக் கீழே தள்ளிவிட்டு, மறுபடி இறங்குங்கள். ஏறத் தெரிந்து இறங்கத் தெரியாமல் உச்சியில் தொங்குவதுதான் தனியாளுக்கு நடக்கக்கூடிய மோசமான விஷயம். இது எனக்கே ஒரு தடவை நடந்தது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கோபுரத்தில் தனியாகப் பெயின்ட் பார்க்கப் போனேன். கூட வர வேண்டியவர் வரவில்லை, மேலிடத்தில் 'சின்ன வேலைதானே' என்றார்கள், நானும் சரி என்று ஏறிவிட்டேன். வெயிலுக்குக் கழுத்தில் ஒரு துண்டு. இறங்க ஆரம்பித்து பத்து அடி வந்ததும் கருவி நின்றுவிட்டது. குனிந்து பார்த்தால் துண்டின் முனை கயிற்றோடு சேர்ந்து கருவிக்குள் போய் மடங்கி இறுகியிருக்கிறது. கழுத்தையும் சேர்த்து இழுக்கிறது. என் பாரம் முழுவதும் அந்தக் கருவியில் இருக்கும்வரை துணி வராது. பாரத்தை எடுக்க, மேலே மிதித்து நிற்க ஒரு வளையம் வேண்டும். அன்றைக்கு என்னிடம் அது இல்லை. போன், கீழே வைத்த பையில். சத்தம் போட்டேன், காற்று வாங்கிக்கொண்டு போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் தொடை மரத்து, பாதம் குளிர்ந்து, கண் இருட்டிக்கொண்டு வந்தது. கடைசியில் துண்டைப் பல்லால் கடித்துக் கிழித்துக் கழுத்தை விடுவித்தேன். அப்புறம் உடுத்தியிருந்த சாரத்திலிருந்து ஒரு கீற்று கிழித்து, கயிற்றில் சுற்றி, அதில் கால் வைத்து எழுந்து, துணியை உருவினேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை. இறங்கியதும் கால் நிற்கவில்லை, அவர்தான் பிடித்து உட்கார வைத்தார்.

ஹார்னஸில் அசையாமல் தொங்கினால் கால் ரத்தம் மேலே திரும்பாது. நல்ல திடகாத்திரமான ஆள்கூடச் சில நிமிடங்களில் மயங்கிவிடலாம். மயங்கிவிட்டால் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள வழியே இல்லை. அதனால்தான் கால் வளையத்தை விடவே விடாதீர்கள் என்கிறேன். மேலே வேலை செய்யும்போதும் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை அதில் எழுந்து நில்லுங்கள், காலை ஆட்டுங்கள். உதிரியாக இன்னும் இரண்டு புருசிக் வளையங்கள் இடுப்பில் தொங்கட்டும். கருவி எங்காவது மாட்டிக்கொண்டால் அதில் ஒன்றை மேலே கயிற்றில் சுற்றி, மிதித்து எழுந்து, பாரத்தை எடுத்துவிட்டுச் சிக்கலை எடுங்கள். இதை வீட்டு வேப்பமரக் கிளையில், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், கண்ணை மூடிக்கொண்டு செய்ய வருகிறவரை பழகுங்கள். பத்து நாளாகட்டும், பரவாயில்லை. தளர்ந்த சட்டை, துண்டு, கழுத்துச் சங்கிலி எதுவும் கூடாது. கத்தி கொண்டுபோகாதீர்கள். இறுகிய கயிற்றைக் கத்தி முனை தொட்டாலே அறுந்துவிடும். முனை மழுங்கிய கத்தரிக்கோல் ஒன்றை நூலில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். போன் மார்புப் பையில், அதுவும் நூலில் கட்டி.

இனி, ஆள் விஷயம். தனியாக ஏறுங்கள், ஆனால் தனியாக இருக்காதீர்கள். கயிறு பிடிக்கத் தெரிய வேண்டியதில்லை, படகில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் போதும். அவர் மரத்துக்கு நேர் கீழே உட்காரக் கூடாது. ஸ்பேனர் ஒன்று 9 மீட்டரிலிருந்து விழுந்தால் மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் வந்து சேரும். நீங்கள் பதில் பேசாமல் போனால் 112க்கோ 108க்கோ கூப்பிடவும், நீங்கள் கட்டிய இரண்டு ஆஞ்சான்களையும் வின்ச்சில் சில சுற்றுகள் வைத்தபடியே தளர்த்தி உங்களை இறக்கவும் அவருக்குச் சொல்லிக் கொடுங்கள். இதற்காக ஆஞ்சான்களை இன்னும் 10 மீட்டர் நீளமாகவே வாங்கலாம். செலவு கொஞ்சம்தான். மயங்கியவரையும் கீழிருந்தே இறக்கிவிட முடிகிற ஏற்பாடு அது ஒன்றுதான். பழகும்போது உங்கள் எடைக்கு ஒரு மணல் மூட்டையைத் தூக்கி, அவர் கையால் இறக்கச் சொல்லிப் பாருங்கள். அம்மா செய்ய முடிந்தால் அம்மாவுக்கே பழக்குங்கள்.

கிளீட்டுக்குப் பக்கத்தில் 'மேலே ஆள் இருக்கிறார், கயிற்றைத் தொடாதீர்கள்' என்று அட்டையில் எழுதித் தொங்கவிடுங்கள். காற்றாலையில் நாங்கள் சுவிட்சைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் ஏறுவோம். கரையில் விளையாடுகிற பிள்ளைகள் படகில் ஏறி, அழகாகச் சுற்றி வைத்த கயிறு எதையாவது அவிழ்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

நேரத்தைப் பொறுத்தவரை விடியற்காலைதான். சூரியன் ஏறி, கடல்காற்று வீசத் தொடங்குவதற்கு முன்னால் இறங்கியிருக்க வேண்டும். பத்து மணிக்கு மேல் அலுமினியமும் கையைச் சுடும். கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கிற ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் ஏறவே வேண்டாம். காற்றாலைகள் முழு மூச்சாகச் சுற்றுகிற அந்தக் காலத்தில் நாங்களும் பெரிய வேலைகளைத் தள்ளிப் போட்டுவிடுவோம். கடலில் ஓடிக்கொண்டிருக்கும்போதும் கூடாது. படகு இரண்டு பக்கமும் பத்துப் பத்து டிகிரி ஆடினாலே உச்சி மூன்று மீட்டர் தூரத்துக்கு வீசும். நீங்கள் மரத்திலிருந்து விலகிப் போய், திரும்பி வந்து மோதுவீர்கள். கடலில் ஆஞ்சான் போய்விட்டால் முன்பாயை மட்டும் போட்டுக் கரை சேருங்கள். அதற்கும் வழியில்லை, உயிருக்கு ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையின் 1554ஐ அழையுங்கள்.

படகு சாயுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். உங்கள் படகுக்கு அடியில் ஏரா என்கிற கனமான அடித்தண்டு இருக்கிறது, 26 அடி நீளம், அதனால் ஓர் ஆள் உச்சிக்குப் போனால் தாங்கும். இதைப் படிக்கிற வேறு யாராவது 15, 16 அடிச் சின்னப் பாய்ப்படகு வைத்திருந்தால், தண்ணீரில் மிதக்கும்போது ஒருபோதும் ஏறாதீர்கள். ஆளோடு சேர்ந்து கவிழ்ந்துவிடும். அந்தப் படகைக் கரையில் சாய்த்துப் போட்டே உச்சியைத் தொட்டுவிடலாம்.

கடைசியாக அந்த விளக்கு. மரம் கீழே வரப்போகிற அன்றைக்கே அதை மாற்றிவிடுங்கள். பழைய குமிழ் விளக்குக்குப் பதிலாக எல்.ஈ.டி. போடுங்கள், வருஷக்கணக்கில் கவலையில்லை. மரத்துக்குள் ஓடுகிற வயரையும் சேர்த்து மாற்றி, அடியில் இருக்கிற இணைப்பில் கிரீஸ் தடவி மூடுங்கள். பெரும்பாலும் விளக்கு போவதில்லை, அந்த இணைப்புதான் பச்சைப் பிடித்துப்போகிறது. உச்சிக் கப்பி இரண்டையும் கையால் சுழற்றிப் பாருங்கள். கயிறு பக்கவாட்டில் நழுவி விழாதபடி கப்பிக்கும் சுவருக்கும் நடுவில் இடைவெளி குறைவாக இருக்க வேண்டும். உங்கள் ஆஞ்சான் மாட்டியது அந்த இடைவெளியில்தான் என்று நினைக்கிறேன். இடைவெளி பெரிதாக இருந்தால் கப்பியை மாற்றுங்கள். உதிரியாக மூன்றாவது ஆஞ்சான் ஒன்றும் அப்போதே கோர்த்துவிடுங்கள். பின்னை வெளியே எடுத்ததும் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், தேய்மானம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்கிறேன்.